ஆறுகிற இரண்டு கிழமை யாருடைய நேரம்?



கோடையில் ஒரு பச்சை குத்தும் நாள் வைத்து வேலைநிறுத்த நிதிக்குக் காசு சேர்ப்போம் என்று எங்கட வட்டத்தில் கதை தொடங்கி ஒரு மாதமாகிறது. இந்த ஒரு மாதமும் கதைத்தது முழுக்க வடிவத்தைப் பற்றித்தான். பனையா, கார்த்திகைப்பூவா, உயர்த்திய கை என்றால் பழசாகிவிட்டதா, எழுத்து என்றால் எந்த எழுத்துரு. 'ழ' மட்டும் போதும் என்று ஒரு அணி. அதைப் போட்டவர்கள் ஏற்கெனவே ஊர் முழுக்க இருக்கினம் என்று எதிரணி. (நான் பனை அணி. அது வேற கதை.) குத்தி முடித்த அடுத்த நாள் காலை அந்த இருபது முப்பது பேரும் எங்கே வேலைக்குப் போகப் போகினம், என்ன உடுப்புப் போடப் போகினம், யாரிடம் கேள்வி கேட்கப் போகினம் என்ற பேச்சே குழுவில் எழவில்லை.

நான் இந்த நாளுக்கு எதிர் இல்லை. என்ர இடது கையில், முழங்கைக்குக் கீழே, போன தை மாதம் குத்திய பச்சை ஒன்று இருக்கு. நல்ல வடிவாக ஆறியும் இருக்கு. ஆனால் அது வடிவாக ஆறியதற்குக் காரணம் என்ர கெட்டித்தனம் இல்லை. எனக்கு அந்த நேரம் ஆய்வுப்படிப்புக்கான உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. மாரி காலம். நூலகத்தில் இருந்து வாசிக்கிற வேலை. வேர்க்கவில்லை, வெயில் இல்லை, கையை ஒருவரும் பார்க்கவும் இல்லை. பச்சை குத்துறது இரண்டு மணித்தியாலம். அதை ஆற வைக்கிறது இரண்டு முதல் நான்கு கிழமை. அந்த நான்கு கிழமையும் ஒரு வேலை, அதற்கு நேரமும் இடமும் வேணும், அவை எங்களில் எல்லாரிடமும் சமனாக இல்லை. நிதிக்காக உடம்பைக் கேட்கிற ஒரு இடதுசாரிக் கூட்டு இதைக் கணக்கில் எடுக்க வேணும் என்பதுதான் என்ர வாதம்.

முதலில் தோலுக்குள் நடப்பது. மை மேல்தோலில் நின்றால் சில கிழமைகளில் உதிர்ந்து போய்விடும், ஏனென்றால் மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஊசி அதைத் தாண்டி, ஒன்று இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கிற உள்தோலுக்குள் மையை விடுகிறது, விநாடிக்குப் பல பத்துத் தடவை. உடம்பைப் பொறுத்தவரை இது காயம், மை ஒரு அந்நியப் பொருள். உடனே வெள்ளையணுக்கள் ஓடி வரும். அவற்றில் பெருவிழுங்கி அணுக்கள் மைத் துகளை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. விழுங்கியபடி அந்த இடத்திலேயே இருந்துவிடும். அந்த அணு செத்தால் துகள் வெளியே வரும், பக்கத்தில் இருக்கிற புது அணு அதைத் திரும்ப விழுங்கும். 2018இல் மார்செய் நகரத்து ஆய்வுக்குழு ஒன்று எலிகளில் இதைக் காட்டியது. ஒரு பச்சை பல வருஷம் நிற்பது இப்படி ஷிஃப்ட் மாறி ஷிஃப்ட் மாறி ஒரே சுமையைத் தூக்குகிற அணுக்களால்தான். இந்த உவமையைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பொருத்தமில்லாமல் இல்லை.

வெளியில் தெரிகிறது வேறு. முதல் ஒன்றிரண்டு நாள் நிணநீரும் மையும் கலந்து கசியும். படுக்கை விரிப்பில் ஒட்டும், காலையில் எழும்பும்போது இழுபடும். இழுக்கக் கூடாது, இளஞ்சூட்டுத் தண்ணியால் நனைத்து மெதுவாக விடுவிக்க வேணும். இடம் சூடாக, கொஞ்சம் வீங்கி, வெயிலில் எரிந்த தோல் மாதிரி இருக்கும். மூன்றாம் நான்காம் நாள் தோல் இறுகும். பிறகு பாம்புச் சட்டை மாதிரி உரியத் தொடங்கும், நிறத் துகளோடு சின்னச் சின்னப் பொருக்கு விழும். அம்மம்மா அதை அயறு என்பா. இந்தக் கட்டத்தில் வருகிற கடி இருக்கே, அதைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. சொறிந்தால் பொருக்கோடு மையும் கழன்று வந்து அந்த இடம் வெளுத்துப் போகும். உள்ளங்கையால் மெதுவாகத் தட்டலாம், குளிர்ந்த சுத்தமான துணியை வைக்கலாம். இரண்டு கிழமையில் மேல் மூடிவிடும், கொஞ்சக் காலம் பளபளவென்று மெழுகு பூசிய மாதிரி இருக்கும். உள்ளே முழுக்க ஆற மாதக் கணக்காகும். இன்ஸ்டகிராமில் வருகிறது எல்லாம் முதல் நாள் படமும் ஆறாம் மாதப் படமும்தான். ஆறாம் நாள், அந்த உரிஞ்ச, கலங்கிய, பரிதாபமான படத்தை ஒருவரும் போடுறதில்லை. அதனாலேயே ஆறாம் நாள் வந்ததும் எல்லாரும் 'ஐயோ, பழுதாப் போச்சு' எண்டு பதறுகினம். பழுதாகவில்லை. அது அப்படித்தான் இருக்கும்.

இனி, குத்தி முடித்ததும் கையில் தருகிற அந்தத் தாள். எந்தக் கடையிலும் கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான் எழுதியிருக்கும். கையை நல்லாகக் கழுவிவிட்டுத்தான் தொட வேணும். வாசனை இல்லாத மென்மையான சவர்க்காரத்தால், இளஞ்சூட்டுத் தண்ணியில், நாளுக்கு இரண்டு மூன்று தடவை கழுவ வேணும். பழைய துவாயால் தேய்க்காமல் பேப்பர் துவாயால் ஒற்றி எடுக்க வேணும். பூச்சு மருந்தை மிக மெல்லிசாகப் பூச வேணும். ஊறக் கூடாது: குளியல் தொட்டி இல்லை, நீச்சல் குளம் இல்லை, கடல் இல்லை. வெயில் படக் கூடாது. அதிகம் வேர்க்கக் கூடாது. உரசாத தளர்வான உடுப்பு. சுத்தமான விரிப்பு.

இதை ஒரு தொழிலாளர் ஒப்பந்தம் மாதிரி வாசித்துப் பாருங்கோ. நாளுக்கு மூன்று தடவை கழுவ ஒரு சுத்தமான வாஷ் பேசின், அதுவும் வேலை நேரத்தில். வேர்க்காத வேலை. சீருடை உரசாத வேலை. எட்டுப் பேர் ஒரு குளியலறையைப் பங்கிடாத வீடு. விரிப்பை மாற்றி மாற்றித் தோய்க்கக் காசும் மெஷினும். இந்தத் தாளை எழுதினவரின் மனதில் இருந்த உடம்பு தன்ர நேரத்துக்குத் தானே சொந்தக்காரியான ஒரு உடம்பு. எங்கட வட்டத்தில் பாதிப் பேர் அப்படி இல்லை. கிடங்கில் பெட்டி தூக்குறவை, உணவு டெலிவரிக்குச் சைக்கிள் ஓடுறவை, பெற்றோல் ஷெட்டில் இரவு நிற்கிறவை, சமையலறையில் கோழி கழுவுறவை இருக்கினம். சமையலறையில் ஆறாத காயம் இருந்தால் தண்ணி புகாத நீல நிறப் பிளாஸ்டரால் மூட வேணும். காயத்தில் தொற்று வந்துவிட்டால் உணவைத் தொடவே சட்டம் விடாது. அப்படியென்றால் ஷிஃப்ட் போச்சு. மணித்தியாலக் கணக்கில் சம்பளம் வாங்குறவருக்கு ஷிஃப்ட் போனால் காசும் போச்சு.

பராமரிப்பு வேலை செய்கிற தோழர்களின் நிலைமை இன்னும் சிக்கல். இங்கிலாந்து மருத்துவமனைகளில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது என்ற விதி 2007இல் அறிவிக்கப்பட்டது. மணிக்கூடு இல்லை, நீளக் கை இல்லை, நாள் முழுக்கக் கையைக் கழுவிக்கொண்டும் அற்ககோல் ஜெல் பூசிக்கொண்டும் இருக்க வேணும். பல பராமரிப்பு இல்லங்களும் அதையே பின்பற்றுகின்றன. கையில் உரிந்துகொண்டிருக்கிற பச்சையோடு அந்த வேலையைச் செய்வது அவருக்கும் ஆபத்து, அவர் தூக்கிக் குளிப்பாட்டுகிற முதியவருக்கும் ஆபத்து. போன வருஷம் வேறொரு அமைப்பு நடத்திய இதே மாதிரி நாளில் என்ர சிநேகிதி ஒருத்தி முன்னங்கையில் குத்தினா. மட்டக்களப்பிலிருந்து பராமரிப்பு வேலை விசாவில் வந்தவ. ஐந்தாம் நாள் மேற்பார்வையாளர் கையைப் பார்த்துவிட்டு, ஆறும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். ஒன்பது நாள், சம்பளம் இல்லை. அதைவிடப் பெரிய பயம் வேறு: அவவின் விசா அந்த முதலாளியின் கையில். வேலை போனால், உள்துறை அமைச்சு விசாவை வெட்டிய பிறகு வேற இடம் தேட வழமையாக 60 நாள்தான். குத்தின இடம் நல்லாக ஆறிவிட்டது. ஆனால் அந்த நாளை நடத்தினவர்களில் ஒருவர்கூட அந்த ஒன்பது நாளில் அவவிடம் 'எப்படி இருக்கு' எண்டு கேட்கவில்லை. நிதி எவ்வளவு சேர்ந்தது என்ற அறிக்கை மட்டும் வந்தது. அவ இழந்த சம்பளம், அவ குடுத்த நன்கொடையை விடப் பல மடங்கு.

இடத்தை மாற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும். கெண்டைக்கால், தொடை, மேல்கையின் உட்பக்கம். வடிவத்தைப் பற்றி ஒரு மாதம் கதைத்த நாங்கள் இடத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் கதைக்கலாம்.

தாளில் இன்னொரு சொல் இருக்கும்: 'சிவப்பு'. சிவப்புப் பரவினால் வைத்தியரிடம் போங்கோ என்று எழுதியிருக்கும். யாருடைய தோலில் சிவப்பு? என்ர தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது. ஊதாவாக, சாம்பலாக, அல்லது சுற்றியிருக்கிற தோலைவிடக் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். சில நேரம் நிறமாகத் தெரியவே தெரியாது. லண்டன் சென்ற் ஜோர்ஜஸ் மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, பாடப்புத்தகப் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலாகவே இருப்பதைக் கேள்வி கேட்டு, தன்ர ஆசிரியர்களோடு சேர்ந்து 2020இல் 'மைண்ட் த கேப்' என்ற கைநூலைக் கொண்டுவந்தார். கறுப்பு, மண்ணிறத் தோல்களில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று அதில் காட்டியிருக்கு. கல்வியைக் குடியேற்ற நீக்கம் செய்வது என்று கருத்தரங்கில் கதைக்கிறோமே, அது ஒரு முதல்வருஷ மாணவரின் கேள்வியில் இருந்து எப்படித் தொடங்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

அதனால் எங்கட தோலுக்கு நிறத்தை நம்ப வேண்டாம், தொட்டுப் பார்க்க வேணும். கையின் பின்பக்கத்தை வைத்துப் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டால் சூடு தெரியும். முதல் இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு நோவும் வீக்கமும் குறைந்துகொண்டு வர வேணும்; குறையாமல் கூடினால், சிதழ் வைத்தால், மணம் வந்தால், காய்ச்சல் குளிர் வந்தால், கோடு மாதிரி ஒரு நிறமாற்றம் அக்குளை நோக்கியோ கவட்டை நோக்கியோ ஏறினால், நாள் பார்க்காமல் அன்றைக்கே போக வேணும். கெலோயிட் என்கிற தடித்து வளரும் தழும்பும் கறுத்த தோலில் கூடுதலாக வரும். நெஞ்சு, தோள், மேல்முதுகு, காது மடல் அதற்குப் பேர்போன இடங்கள். குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடத்தில் உருண்டை வளர்ந்திருந்தால் தோளில் குத்த முன் நல்லாக யோசிக்கோணும்.

'வைத்தியரிடம் போ' என்பதும் சிலருக்குச் சும்மா சொல்லிவிட்டுப் போகிற வசனம் இல்லை. பேப்பர் இல்லாத தோழர்கள் எங்களோடு இருக்கினம், ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே பயப்படுறவை இருக்கினம். இங்கிலாந்தில் ஜீபியிடம் பதிவதற்கு அடையாள அட்டையோ, முகவரி ஆதாரமோ, குடிவரவு நிலையோ தேவையில்லை. வரவேற்பு மேசையில் கேட்டாலும் அது நிபந்தனை இல்லை. விபத்து அவசரப் பிரிவில் தருகிற சிகிச்சைக்கு ஒருவரிடமும் காசு கேட்க முடியாது. அங்கிருந்து வார்டில் சேர்த்தால்தான் கட்டணக் கதை வரும். இதை ஒரு துண்டில் எழுதி அன்றைக்கு எல்லாருடைய கையிலும் குடுக்க வேணும். குத்துகிறவர் தருகிற தாளில் இது இருக்காது.

இப்ப வீட்டுக்கு வருவோம், ஏனென்றால் எங்களில் கனபேர் இன்னும் அம்மா அப்பாவோடதான் இருக்கிறோம். பச்சையைக் கண்ட கோபம் தணிந்ததும் அடுத்தது மஞ்சள் டப்பாவும் தேங்காயெண்ணெய்ப் போத்தலும் வரும். என்ர அம்மம்மா இரண்டையும் கொண்டுவந்தா. சமையல் மஞ்சளை ஆறாத காயத்தில் வைக்கக் கூடாது. அது கிருமி நீக்கிய பொருள் இல்லை, தோலில் ஒவ்வாமையும் வரலாம். பங்களாதேஷில் நிறம் கூட்ட மஞ்சளில் ஈயக் குரோமேற்று கலந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். கடையில் வாங்குகிற தூளில் என்ன இருக்கு என்று எங்களுக்குத் தெரியாது. எல்லாரும் விரலை விட்ட தேங்காயெண்ணெய்ப் போத்தலும் வேண்டாம். தோல் முழுக்க உரிந்து மூடின பிறகு எண்ணெய் பூசட்டும், அம்மம்மாவுக்கும் சந்தோஷம். நியோமைசின் கலந்த நுண்ணுயிர்க் களிம்புகளையும் 'எதுக்கும் இருக்கட்டும்' எண்டு பூசாதேங்கோ, அதற்கு ஒவ்வாமை வருகிறவர்கள் கனபேர். வாசனையில்லாத சாதாரணக் கிரீம், மெல்லிசாக. அவ்வளவுதான்.

ஆனால் மஞ்சளுக்கு ஒரு வரலாறு இருக்கு, அதைச் சிரித்துத் தள்ள நான் விரும்பவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் சமூகப் பெண்கள். எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில் அந்த வேலையைப் பற்றி ஒரு பகுதி உண்டு: நோவை மறக்கப் பாடிக்கொண்டே குத்துவது, முடிந்ததும் வீங்காமல் இருக்க மஞ்சள் பூசுவது எல்லாம் அதில் இருக்கு. குத்துகிறவளே ஆற வைப்பதையும் தன்ர வேலையாக நினைத்திருக்கிறாள். அதே குறவர் சமூகத்தைத்தான் காலனிய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பதிந்து, ரேகை எடுத்து, கண்காணிப்பில் வைத்தது. ஊரும் அவர்களைக் குடியிருப்புக்கு வெளியில்தான் நிறுத்தியது. எங்கட சுவரொட்டியின் முதல் வரைவில் 'எம் மூதாதையரின் கலை' என்று ஒரு வரி இருக்கு. யாருடைய மூதாதையர்? எங்களில் பெரும்பாலானவர்களின் பாட்டிமார் கையை நீட்டினவர்கள். ஊசி பிடித்த கை வேறொருவருடையது, அந்தக் கைக்கு நெல்லோ சில்லறைக் காசோ குடுத்து வாசலோடு அனுப்பினார்கள். வரியை எடுத்துவிடுங்கோ, அல்லது முழுக்கதையையும் எழுதுங்கோ.

ஊசி பிடிக்கிற கை என்றதும் இன்றைய ஊசிக்காரரையும் பார்க்க வேணும். அன்றைக்கு ஒரு நாளைச் சும்மா தருகிறேன் என்று முன்வந்திருக்கிற தோழர் சுயதொழில் செய்கிறவர். கதிரைக்கு வாடகை கட்டுறவர். மணிக்கட்டு நோவு வந்தால் அவருக்குச் சம்பளத்தோட லீவு இல்லை. இருபது பேருக்குக் குத்திவிட்டுப் போனால் அடுத்த பத்து நாளும் இரவு பகலாக அவருக்கு மெசேஜ் வரும்: 'அண்ணா, இது இப்பிடித்தான் இருக்குமா?' என்று, படத்தோடு. அதுவும் வேலை. அதையும் சும்மா செய்யச் சொல்லிக் கேட்காமலே கேட்கிறோம். இன்னொன்று: மண்டபத்தில் வைக்கலாம் என்ற யோசனையை விடுங்கோ. இங்கிலாந்தில் குத்துகிறவரும் இடமும் உள்ளூராட்சியில் 1982 சட்டத்தின்கீழ் பதிந்திருக்க வேணும். லண்டனில் பெரும்பாலான பகுதிகளுக்குத் தனி அனுமதிப்பத்திரம். வேல்ஸில் 2024 கார்த்திகையில் இருந்து புது உரிமமுறை. தேநீர் ஊற்றுகிற மேசையில் இரத்தம் படுகிற வேலை செய்யக் கூடாது என்பதற்குச் சட்டமும் தேவையில்லை.

காலம். கோடை என்று தீர்மானித்தது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஆட்கள் வருவினம் என்பதைத் தவிர வேற காரணம் இல்லை. ஆடி, ஆவணி என்றால் வெயில், வேர்வை, கடற்கரை, கோயில் தேர். ஊர்வலத்தில் மூன்று மணித்தியாலம் வெயிலில் நிற்கிற கை ஆறாத கையாக இருக்கக் கூடாது. ஆறும்வரை சன்கிரீமும் பூச ஏலாது, துணியால் மூடத்தான் வேணும். அதே மாதங்களில்தான் பாதிப் பேர் யாழ்ப்பாணம் போகினம். கீரிமலைக் கேணியிலும் காரைநகர்க் கடலிலும் இறங்காமல் திரும்பி வருகிற ஆளை நான் இன்னும் காணவில்லை. அமெரிக்காவில் குத்தி ஐந்தாம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் குளித்த ஒருவர் விப்ரியோ என்ற கடல் பக்டீரியாத் தொற்றால் இறந்ததை 2017இல் மருத்துவ இதழொன்று பதிந்தது. அவருக்கு ஏற்கெனவே ஈரல் நோய் இருந்தது, எல்லாருக்கும் அப்படி நடக்காது. ஆனால் திறந்த காயத்தோடு கடலில் இறங்குவது என்றால் என்ன என்று அது காட்டுகிறது. விமான நிலையத்தையும் மறக்க வேண்டாம். கையில் புத்தர் பச்சையோடு போன பிரித்தானியச் சுற்றுலாப் பயணி ஒருவரை 2014இல் இலங்கை பிடித்துத் திருப்பி அனுப்பியது. 2017இல் அந்த நாட்டு உச்சநீதிமன்றமே அவருக்கு இழப்பீடு குடுக்கச் சொன்னது. தமிழ்ப் பெயரோடு, புதிதாய் உரிகிற கார்த்திகைப்பூவோடு போகிற ஆளுக்கு இழப்பீடு வருமா என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரத்ததானமும் இருக்கு. இங்கே பச்சை குத்தினால் நான்கு மாதம் இரத்தம் குடுக்க ஏலாது. ஆவணியில் குத்தினால் கார்த்திகை நினைவுநாள் முகாமில் எங்கட வட்டம் முழுக்க வரிசைக்கு வெளியில்.

இது தனிப்பட்ட விஷயம், வளர்ந்த ஆட்கள் தங்கட உடம்பைத் தாங்கள் பார்த்துக்கொள்வினம் என்று குழுவில் ஒரு தோழர் எழுதியிருந்தார். தனியாக ஒருவர் போய்க் குத்தினால் சரி. கூட்டு அழைத்து, கூட்டு நாள் குறித்து, கூட்டு காசு வாங்கினால் பிறகு காயம் மட்டும் எப்படித் தனிப்பட்டதாகும்? முதலாளிமார் இதைத்தானே செய்கினம்: உழைப்பு எங்களுக்கு, களைப்பு உனக்கு.

பெரியவர்கள் ஏன் இவ்வளவு பதறுகினம் என்பதையும் ஒருக்கால் யோசிக்கலாம். எங்கட தகப்பன்மாரில், மாமன்மாரில் சிலருக்கு ஆறின தோல் என்பது அலங்காரம் இல்லை, சாட்சி. இலங்கைத் தமிழர் வழக்குகளில் உடம்பில் தழும்பு இருப்பதை ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகப் பிரித்தானியத் தீர்ப்பாயம் 2007இல் எண்ணியது. 2019இல் கே.வி. என்ற வழக்கில், முதுகிலும் கையிலும் சூட்டுக்கோல் தழும்பு இருந்த ஒரு தமிழருடைய காயங்கள் சித்திரவதையா, அவரே கேட்டு வைத்துக்கொண்டவையா என்பது உச்சநீதிமன்றம் வரைக்கும் போனது. நீதிமன்றம் அவருடைய மேன்முறையீட்டை ஏற்றது. வைத்திய நிபுணர் தழும்பு எப்படி வந்தது என்றும் கருத்துச் சொல்லலாம் என்றது. அப்படியொரு தோலோடு வாழ்கிற ஆள் இருக்கிற வீட்டுக்குள் நாங்கள் கசிகிற கையோடு போய், 'இது ஒண்டுமில்லை அப்பா' எண்டு சொல்லுறம். சொல்லலாம். ஆனால் சட்டைக் கையை இறக்கிவிட்டு, கொஞ்சம் நேரம் எடுத்து, என்ன செய்தோம், எப்படிக் கழுவுகிறோம் என்று காட்டிச் சொல்லலாம். என்ர அப்பா மூன்றாம் நாள் தானே பேப்பர் துவாய் வாங்கி வந்து பேசினடியில் வைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் நான் முன்வைக்கப் போவது இதுதான். நாளைத் தை கடைசிக்கு அல்லது மாசிக்குத் தள்ளுவோம். பதிந்த கடையொன்றில் வைப்போம். வடிவங்கள் உள்ளங்கை அளவைத் தாண்டக் கூடாது, சின்னது கெதியா ஆறும். பதிவுப் படிவத்தில் 'என்ன வேலை செய்கிறீர்கள், கையைக் கழுவுகிற வேலையா' என்று கேட்போம், அதைப் பார்த்து இடத்தைத் தெரிவோம். சேர்கிற காசில் ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்குவோம்: சவர்க்காரம், கிரீம், பேப்பர் துவாய் வாங்கவும், ஷிஃப்ட் இழந்தவருக்குக் குடுக்கவும், குத்துகிற தோழருக்குக் கதிரை வாடகையாவது கட்டவும். வேலைநிறுத்த நிதிக்குக் காசு குறையும் என்று சொல்லுவீர்கள். குறையும்தான். நிதியைச் சேர்க்கப் போய் எங்களில் ஒருத்தி சம்பளம் இழந்தால் அந்தக் காசும் தொழிலாளியின் பையிலிருந்துதான் போகிறது, கணக்குப் புத்தகத்தில் தெரியாமல்.

இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்ப்போம். பத்து நாளைக்கு ஒருவர் மற்றவருக்கு நாளுக்கொரு தடவை எழுத வேணும்: கழுவினியா, சூடு இருக்கா, நோவு குறைஞ்சிதா. முதுகிலோ தொடைப் பின்பக்கத்திலோ குத்தினவருக்குக் கிரீம் பூசப் போக வேணும். கூட்டத்துக்கு வராமல் ஒளிக்கிற இரண்டு பேரையும் இந்த வேலைக்குப் போட்டால் அவர்களுக்கும் நல்லது. மருத்துவம் படிக்கிற தோழர்கள் இரண்டு பேர் எங்களோடு இருக்கினம்; அவர்களிடம் இன்னும் கேட்கவில்லை, இந்த மடலை வாசித்தால் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கோ. படங்களை அந்தச் சோடிக்குள்ளேயே வைத்திருப்போம், பொதுக் குழுவில் போட வேண்டாம். ஊர்வலத்தில் முகத்தை மூடிக்கொண்டு வருகிறவரின் கையைப் பொலிஸ் கோப்புக்கு நாங்களே அனுப்பத் தேவையில்லை.

கூட்டம் வியாழன் இரவு ஏழரைக்கு. வடிவத்துக்கு வாக்கெடுப்பு நிகழ்ச்சிநிரலில் முதலாவதாக இருக்கு; அதை மூன்றாவதாகத் தள்ளி, காலத்தையும் ஒதுக்கீட்டையும் முதலில் எடுக்கச் சொல்லி ஒருங்கிணைப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். பதிந்த கடை வைத்திருக்கிற, தை மாசியில் ஒரு ஞாயிறு தரக்கூடிய ஆட்களைத் தெரிந்தவர்கள் வியாழனுக்கு முதல் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ.